கனவில் முதுகு காட்டி நின்றவர்

மழை பெய்துகொண்டிருந்தது. எஸ்டேட் ஸ்டோருக்கு முன்னால் காப்பி காயப்போடுகிற களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எல்லார் தலையிலும் சாக்கு. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டால் முதுகு நனையாது. இப்போது யாரும் சாக்கு போடுவதில்லை, பிளாஸ்டிக் தாள்தான். ஆனால் அங்கே எல்லாருக்கும் சாக்கு.

பின்னாலிருந்து பார்த்தால் எல்லா முதுகும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இருந்தாலும் கடைசிக்கு முந்தின முதுகு யாருடையது என்று எனக்குத் தெரியும். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மிளகு பறிக்கிற ஏணியைச் சுமந்து சுமந்து இறங்கின தோள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. அவர் திரும்பவில்லை.

கண்ணை முழித்தேன். கூரைத் தகரத்தில் மழைச் சத்தமே இல்லை. விடிகிற நேரத்துப் பனி சன்னல் வழியாக உள்ளே வந்து தலையணையெல்லாம் சில்லென்று இருந்தது.

எங்கள் ஊட்டுக்காரர் போன பிறகு இந்தக் கனவுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. விடியப்போகிற அரைத் தூக்கத்தில் வரும். களம் மாறாது, மழை மாறாது, முதுகும் மாறாது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை நான்.

ஜீப்பின் முன் சீட்டு

ஏன் முதுகு என்று எனக்குத் தெரியும். உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

அது ஒரு ஐப்பசி மாதம். காலையில் நாகலூரில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டவுனுக்குக் கொண்டுபோனால் உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மெயின் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. அதனால் ஜீப் குப்பனூர் ரோட்டு வழியாக இறங்கியது.

"படுத்தா மூச்சு முட்டுது. நான் முன்னாலயே உக்காந்துக்கறேன்" என்றார். டிரைவர் பையன் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பின்னால் நான்.

மழை கொட்டியது. ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன்.

"சொல்லுங்கம்மா" என்றான் டிரைவர்.

"உங்களை இல்லைங்க தம்பி" என்றேன். மறுபடியும், "ஏனுங்க."

டிரைவர் மறுபடியும் தலையைத் திருப்பினான். பாவம், மழைச் சத்தத்தில் அவனுக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கம் பஸ் கண்டக்டரையும் ஏனுங்க என்போம், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரையும் ஏனுங்க என்போம், கட்டின புருஷனையும் ஏனுங்க என்போம். அவர் மட்டும் திரும்பவே இல்லை.

மலை இறங்கி ரோடு நேரானதும் டிரைவர் ஒரு தடவை அவர் பக்கம் பார்த்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினான். முன்னால் ஏதோ மாடு படுத்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாரோ? இந்த நினைப்பு என்னைவிட்டுப் போகவில்லை.

சாமி பேர்

எங்கள் மலை உச்சியில் இருக்கிற சாமியின் பேர்தான் அவருக்கு. அவர் அம்மா வேண்டிப் பெற்ற பிள்ளை. அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு வாயில் பூட்டு. புருஷன் பேரையும் சொல்லக்கூடாது, அதே பேர் என்பதால் சாமி பேரையும் சொல்லக்கூடாது.

திருவிழாவுக்கு மலை ஏறும்போது சனங்கள் எல்லாம் சாமி பேரைச் சொல்லிக் கூப்பாடு போடும். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். "மேல இருக்கற சாமி, நீதான் பாத்துக்கணும்" என்று பேர் இல்லாமலே கும்பிட்டவள் நான். சாமிக்குத் தெரியாதா, யாரைச் சொல்கிறேன் என்று?

அவருக்கு இது நொம்ப வேடிக்கை. ரேஷன் கடையில் என்னை முன்னால் தள்ளிவிட்டு, "புருஷன் பேரைக் கேக்கறாங்க பாரு, சொல்லு புள்ள" என்பார். நான் அவர் முழங்கையைக் கிள்ளுவேன். வரிசையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

திருப்பூரில் இருக்கிற என் மகளின் போனில் அவர் போட்டோ இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் எடுத்தது. அதில் அவர் போட்டோ எடுக்கிறவனைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிற முகம் வேறே.

கசகசாத் தண்ணி

தூக்கத்துக்கு மருந்து என்பது எங்கள் லைனுக்குப் புதிது இல்லை.

நான் குழந்தையாக இருந்தபோது கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைச் சாளைக் குடிசையில் விட்டுவிட்டுத்தான் காப்பிப் பழம் பறிக்கப் போவார்கள். ஒரு வயசாளி பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். அழாமல் தூங்கட்டும் என்று கசகசாவை அரைத்து நாக்கில் தடவிவிடுவார்களாம். நானும் அப்படித் தூங்கி வளர்ந்தவள்தான். "அதான் உனக்கு இன்னும் முழிப்பே வரல" என்று எங்கள் ஊட்டுக்காரர் கேலி பேசுவார். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது என்கிறார்கள். நல்லதுதான்.

அப்புறம் சாராயம். குளிரில் வேலை செய்து வந்த ஆம்பளைகள் அதைக் குடித்துவிட்டுக் கட்டை மாதிரி கிடப்பார்கள். அந்தத் தூக்கத்தில் கனவு வருமா என்று ஒரு நாள் எங்கள் ஊட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "கனவு வந்தாலும் அதைப் பாக்க நான் அங்க இருக்க மாட்டேன் புள்ள" என்றார். ஏதோ குடிகாரப் பேச்சு என்று விட்டுவிட்டேன். பிற்பாடு அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது.

விளக்கை அணைத்த மாதிரி

அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. படுத்தால் கண் மூடாது. மூடினாலும் அரைகுறைதான். பொட்டென்று ஒரு கொட்டை விழுந்தாலும் முழித்துக்கொள்வேன். விடியப் போகும்போது ஒரு கண் அசரும். அப்போதுதான் களமும் மழையும் வரும்.

போன பழ சீசனில் தூக்கக் கலக்கத்தோடு சரிவில் இறங்கினபோது கால் வழுக்கி உருண்டுவிட்டேன். ஒரு காப்பிச் செடி பிடித்து நிறுத்தியது. பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த ராசாத்திதான் ஓடிவந்து தூக்கினாள்.

வாராவாரம் நான் இங்கே எழுதுகிறதைப் படிக்கிறவர்களுக்கு ராசாத்தியைத் தெரியும். போன வாரம் காட்டெருமை துரத்தின கதையில் வந்தவள். அதைப் படித்துவிட்டு, "நான் மட்டுமா ஓடினேன், நீ என்ன எருமைகிட்ட நின்னு நலம் விசாரிச்சியா?" என்று சண்டைக்கு வந்தாள். நானும் ஓடினேன் என்று இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அவள்தான் என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீட்டு எழுதுகிற இடத்தில் "வீட்டுக்காரர் பேர்?" என்று கேட்டார்கள். நான் ராசாத்தியைப் பார்த்தேன். "இன்னுமா உனக்கு வெக்கம்?" என்று சொல்லிவிட்டு அவளே சொன்னாள். அன்றைக்கு நல்ல கூட்டம். தூக்கம் இல்லை என்றேன். மாத்திரை கொடுத்தார்கள்.

அந்த மாத்திரைத் தூக்கத்தை எப்படிச் சொல்வது? விளக்கை அணைத்த மாதிரி. படுத்தது தெரியும். அடுத்தது சூரியன் சுவரில் ஏறியிருப்பது தெரியும். நடுவில் ஒன்றுமே இல்லை. தூங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தூங்கின ஞாபகம் இருந்தால்தானே? அத்தனை நேரம் நான் என்கிற ஒருத்தி எங்கே போயிருந்தாள் என்று காலையில் உட்கார்ந்து யோசிப்பேன். எழுந்தால் நாக்கு கனக்கும். பழம் பறிக்கும்போது சிவப்பும் பச்சையும் சேர்ந்து கைக்கு வரும். "ஏனுங்கம்மா, பச்சையெல்லாம் பறிச்சுப் போட்டிருக்கீங்க?" என்று ரைட்டர் கேட்பார்.

அதெல்லாம் பெரிசில்லை. அவர் வருவது நின்றுபோனது.

முதல் வாரம் பொறுத்தேன். நாலு நாள் வராமல் இருந்துவிட்டு வருகிற மனுஷர்தானே என்று நினைத்தேன். மாதம் போனது. முதுகுகூட இல்லை. அவரை இரண்டாம் தடவையாகச் சேலம் போகிற வழியில் பறிகொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. உடம்பு தேறியது, கன்னத்தில் சதை வைத்தது. "பாத்தியா, தூங்கினா மூஞ்சி எப்படித் தெளியுது!" என்றாள் ராசாத்தி. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ரெண்டு டம்ளர்

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை சின்ன வயசு டாக்டரம்மா. கூட்டம் இல்லை, மழை நாள்.

எனக்குப் புது ஆள் முன்னால் பேச வராது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"மாத்திரை வேண்டாமுங்க" என்றேன்.

"தூக்கம் வரலீங்களா?"

"வருதுங்க. அதான்."

ராசாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். களம், மழை, முதுகு. ராசாத்திக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"காப்பி குடிப்பீங்களாம்மா?"

"சாயங்காலம் ஒரு டம்ளருங்க."

"பொய்யி" என்றாள் ராசாத்தி. "ரெண்டு டம்ளர். இன்னொண்ணு மாமாவோடது."

உண்மைதான். வேலை விட்டு வந்ததும் அவருக்கு வெல்லம் போட்ட வரக்காப்பி வேண்டும், கறுகறுவென்று. அவர் போன பிறகும் கை பழகின அளவுக்குத்தான் தண்ணீர் வைத்தது. அவர் டம்ளரில் ஊற்றி எதிரே வைப்பேன். அன்றைக்கு நடந்ததையெல்லாம் பாடு பேசுவேன். அது ஆறிப்போகும். கீழே ஊற்றிவிட மனசு வராது. என் டம்ளரைக் குடித்துவிட்டு அவருடையதையும் குடித்துவிடுவேன்.

"அவரோட காப்பிதாம்மா உங்களைத் தூங்கவிடாம வெச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா.

தூக்கத்தைக் கெடுக்கிற பழத்தையே வாழ்நாள் பூராவும் பறித்தவள் நான். எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள்.

"கனவு எல்லாருக்கும் வரும்மா" என்றார். "நடுவுல முழிச்சுக்கறவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். நீங்க அரைகுறையாத் தூங்கினீங்க, அதனால ஞாபகம் இருந்துச்சு. மாத்திரை போட்டா கனவு குறையலாம். இல்லேன்னா வந்தும் நெனப்புல நிக்காமப் போகலாம்."

"அப்ப அவர் வந்துட்டுத்தான் இருக்காருங்களா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "அதை நான் எப்படிம்மா சொல்றது?" என்றார்.

எனக்குச் சாராயப் பேச்சு ஞாபகம் வந்தது. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. அவர் களத்தில் வந்து நின்று நின்று போயிருப்பார். திரும்பியும் பார்த்திருப்பாரோ என்னவோ. பார்த்தபோது அங்கே நான் இல்லை. இதை நினைத்தால் முதுகே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, தான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், சாயங்காலக் காப்பியை விட்டுவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எழுந்திருக்கும்போது நான் கேட்டேன்.

"கனவுல பேச்சு வரலீங்களே. வரவைக்க மருந்து இருக்குதுங்களா?"

"மருந்து இல்லம்மா. பகல்ல எதைத் திரும்பத் திரும்பச் செய்யறோமோ அது சில பேருக்குக் கனவுலயும் வரும். உறுதியாச் சொல்ல முடியாது."

எனக்கு அது போதும்.

பழத்துக்கு ஒரு தடவை

அவர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி வைக்க ஆரம்பித்தேன். ஆறினதும் குடிக்க ஒரு தொந்தரவும் இல்லை.

பகலில் காப்பிச் செடிக்குள் நின்றுகொண்டு அவர் பேரைச் சொல்லிப் பழகினேன். முதலில் காற்றுதான் வந்தது. பேரின் முதல் எழுத்திலேயே காது சூடாகும். யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். எத்தனையோ வருஷத்துப் பூட்டு அல்லவா? ஒரு பழம் பறித்தால் ஒரு தடவை பேர். பழம் கூடையில் விழுகிற சத்தத்தில் மறைந்துபோகிற அளவுக்கு மெதுவாக. போகப் போகச் சத்தம் கூடியது. நான் கவனிக்கவில்லை.

இரண்டு செடி தள்ளி இருந்து ராசாத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, காலையில இருந்து சாமி பேரையே சொல்லிட்டிருக்கியே, அருள் கிருள் வந்துருச்சா? சொல்லிட்டு ஆடு, நான் ஒதுங்கிக்கறேன்."

சாமியைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். எத்தனை வருஷம் சாமி பேரைச் சொல்லாமல் இருந்தேனோ, அதற்கெல்லாம் சேர்த்து அந்தச் சாமியே எனக்கு மறைப்புக் கொடுத்துவிட்டது.

"ஒரு வேண்டுதலடி" என்றேன்.

"எனக்கும் சேத்து வேண்டிக்க. மருமகளுக்கு வாய் கொறையணும்."

மாத்திரை குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றது. தூக்கம் சுமாராக வந்தது. சில நாள் நன்றாக, சில நாள் இல்லை. கனவும் வந்தது. ஆனால் வேறே கனவு. பஸ்ஸை விட்டுவிட்ட கனவு, மகள் சின்னப்பிள்ளையாகிக் குளத்தோரம் ஓடுகிற கனவு. களம் மட்டும் வரவில்லை. நான் பேரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரத்தடியில்

சீசன் முடியப்போகிற சமயம். மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பொம்பளைகள் எல்லாம் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மரத்தில் மிளகுக் கொடி. ஒரு காலத்தில் அவர் ஏணி சாத்தின மரம்தான். வெயில் இதமாக இருந்தது. ராசாத்தி யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பழச் சாக்கில் தலையைச் சாய்த்தேன். சாக்கிலிருந்து பழத்தின் இனிப்பும் புளிப்புமான வாசம்.

மழை பெய்துகொண்டிருந்தது.

களம். வரிசை. சாக்குத் தொப்பிகள். கடைசிக்கு முந்தின முதுகு.

இப்போது எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. பேரைச் சொன்னேன். முழுப் பேரையும், தெளிவாக, சத்தமாக.

வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "அட, புருஷன் பேரைச் சொல்றாளே!" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரும் என்னதான் செய்வார்? அந்தப் பேரை என் குரலில் அவர் ஒரு நாளும் கேட்டதில்லையே.

"ஏனுங்க" என்றேன்.

இந்தத் தடவை வரிசையில் ஒருவரும் அசையவில்லை. இறங்கின தோள் மட்டும் அசைந்தது. அவர் திரும்பினார். சாக்கு முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு நாள் தாடி, வெள்ளையாக. முழங்கையைக் கிள்ளினால் என்னைப் பார்ப்பாரே, அந்த முகம்.

"என்ன புள்ள?" என்றார்.

கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் நின்றார்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வெயில் கண்ணில் குத்தியது.

"எந்திரிக்கா, ரைட்டர் வராரு" என்றாள் ராசாத்தி. "என்ன தூக்கம்? மொதல்ல சாமி பேரைச் சொல்லிக் கத்தினே. அப்புறம் ஏனுங்கன்னு கூப்பிட்டே பாரு, நாங்க அத்தனை பேரும் திரும்பிட்டோம். யாரைக் கூப்பிட்டே?"

மரத்தடியில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களை இல்லடி" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.